பழைய வண்டில சார்ஜ் வந்து வந்து போகுதா? மீட்டர வச்சு புடிக்கிற விதம்

எங்க வீட்டு வண்டி 97 மாடல் மாருதி 800, கார்புரேட்டர். போன வருஷம் ஏழெட்டு மாசம் அது எனக்கு காட்டுன படத்த சொல்லி மாளாது. நாலு நாள் சமத்தா ஸ்டார்ட் ஆகும், அஞ்சாவது நாள் காலைல சாவிய திருப்புனா டக்டக்டக்னு சத்தம் மட்டும் தான், செல்ஃப் சுத்தாது. தள்ளி ஸ்டார்ட் பண்ணி எலக்ட்ரீஷியன் கடைக்கு கொண்டு போனா அவர் மீட்டர வச்சு பாத்துட்டு "14.2 காட்டுது தம்பி, சார்ஜ் அருமையா ஏறுது, பேட்டரி தான் போச்சு"ன்னாரு. சரின்னு பேட்டரி மாத்துனேன். ரெண்டு மாசத்துல அதே டக்டக். வேற கடைக்கு போனேன், அங்க டைனமோ வீக்குன்னு ஆல்டர்னேட்டர (இஞ்சின் ஓடும்போது கரண்ட்டு தயார் பண்ணி பேட்டரிய சார்ஜ் பண்ற சாமான், ஊர்ல அதையும் டைனமோன்னு தான் சொல்வாங்க) இறக்கி பிரஷ், பேரிங், வோல்டேஜ கட்டுப்படுத்துற ரெகுலேட்டர் எல்லாம் புதுசா போட்டு குடுத்தாங்க. மூணு வாரம் ஓடுச்சு, மறுபடியும் டக்டக். கடைசில பாத்தா கோளாறு இருந்தது அம்பது ரூபா கூட பெறாத ஒரு லக்ல, அதாவது ஒயர் முனைல மாட்டி நட்டு போட்டு முறுக்குற உலோகத் துண்டுல.

ரெண்டு கடைக்காரங்களையும் குத்தம் சொல்ல மாட்டேன், ஏன்னா இந்த மாதிரி வந்து வந்து போற கோளாறு கடை வாசல்ல வண்டி நிக்கிற நேரம் வராது, அவங்க பாத்தப்ப நெஜமாவே 14.2 தான் இருந்துச்சு. அதனால சாமான மாத்துறதுக்கு முன்னாடி கோளாறு எப்ப வருதுன்னு புடிக்கணும். ராத்திரியா, மழையிலயா, ஒரு மணி நேரம் ஓடுனப்புறமா, ஸ்பீடு பிரேக்கர்ல ஏறி இறங்குனாவா. அது தெரிஞ்சா பாதி வேலை முடிஞ்சுது. நான் சொல்றது பழைய 12 வோல்ட் வண்டிக்கு, ரெகுலேட்டர் ஆல்டர்னேட்டருக்குள்ளயே இருக்குற டைப். 800, ஆம்னி, அந்த கால ஜீப்னு நெறைய வண்டிக்கு இதே முறை சரியா வரும். இப்ப வர்ற வண்டில கம்ப்யூட்டரே சார்ஜ கூட்டி குறைக்கும், அதுக்கு இந்த கணக்கு ஒத்து வராது.

மொதல்ல ஒரு காரியத்த செய்யவே கூடாது. இஞ்சின் ஓடும்போது பேட்டரி டெர்மினல கழட்டி விட்டு "நின்னா டைனமோ போச்சு, நிக்கலனா நல்லா இருக்கு"ன்னு பாக்குற பழக்கம் இன்னும் ஊர்ல இருக்கு. நெஜ டைனமோ இருந்த அம்பாசடர் காலத்துல தப்பிச்சிருப்பாங்க. ஆல்டர்னேட்டர்ல அப்படி செஞ்சா பேட்டரிக்கு போய்கிட்டிருந்த கரண்ட்டு போக்கிடம் இல்லாம வோல்டேஜ் ஒரே தாவா எகிறும், அதுக்குள்ள ஏசிய டிசியா மாத்துற டையோடும் ரெகுலேட்டரும் அந்த நொடியே போகலாம். இருக்குற கோளாறு பத்தாதுன்னு புதுசா ஒண்ண நாமளே வாங்கி வச்ச மாதிரி ஆகிடும். யாராவது ஸ்பேனரோட டெர்மினல் பக்கம் கை வச்சா "அண்ணே ஒரு நிமிஷம்"னு தடுத்துடுங்க.

வேணுங்குற சாமான் ரொம்ப இல்ல. ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர், கொஞ்சம் நீள ஒயரு, சிகரெட் லைட்டர் சாக்கெட்ல சொருகுற குட்டி வோல்ட் மீட்டர். அந்த குட்டி மீட்டர் பேட்டரில இருக்குறத விட 0.2, 0.3 கம்மியா காட்டும், நடுவுல அவ்ளோ ஒயரு, சுவிட்சு, ஃபியூஸ் இருக்குல்ல, அதனால ஒரு தடவ மல்டிமீட்டரோட ஒத்து பாத்து வித்தியாசத்த மனசுல வச்சுக்கங்க. கிளாம்ப் மீட்டர் வாங்குறதா இருந்தா டிசி ஆம்பியர் அளக்குமான்னு கேட்டு வாங்குங்க, விலை கம்மியா வர்றதுல பாதி வீட்டு கரண்ட்ட மட்டும் தான் அளக்கும், நான் ஒண்ணு அப்படி வாங்கி சும்மா கிடக்கு.

அடுத்து பேட்டரி. வண்டி ராத்திரி முழுக்க நின்னு, காலைல கதவ கூட தொறக்காம பானெட்ட தூக்கி அளக்குற அளவு தான் நம்பலாம். 12.6 இருந்தா ஃபுல்லு, 12.4 முக்காவாசி, 12.2 பாதி, 12-க்கு கீழன்னா காலி. தண்ணி ஊத்துற பேட்டரியா இருந்தா ஹைட்ரோமீட்டர்ல (ஆசிட்டோட அடர்த்திய காட்டுற கருவி) ஆறு செல்லும் பாருங்க, எல்லாம் ஒண்ணுக்கொண்ணு கிட்ட கிட்ட இருக்கணும், ஒரு செல் மட்டும் நல்லா கீழ இருந்தா பேட்டரி தான் ஆளு, மேல படிக்கவே வேண்டாம். அப்புறம் டெர்மினல். வெளில பளபளன்னு இருக்கும், கிளாம்புக்கும் ஈயக் கொம்புக்கும் நடுவுல கருப்பா ஒரு படலம் இருக்கும். மீட்டரோட ஒரு முனைய கொம்பு தலைல, இன்னொரு முனைய கிளாம்புல வச்சுகிட்டு யாரையாவது செல்ஃப் அடிக்க சொல்லுங்க. கிட்டத்தட்ட பூஜ்யம் காட்டணும். அர வோல்ட்டு காட்டுச்சுன்னா கழட்டி உப்புத்தாள்ல தேச்சு போட்டு வேஸ்லின் தடவுங்க. பிளஸ், மைனஸ் ரெண்டுலயும் பாருங்க, நம்ம ஆளுங்க மைனஸ மறந்துடுவாங்க.

இப்ப ஓட்டி பாக்குறது. குட்டி மீட்டர சொருகிட்டு ஒரு வாரம் எப்பவும் போல ஓட்டுங்க, கிளவ் பாக்ஸ்ல ஒரு நோட்டு. எத்தன வோல்ட்டு, அப்ப என்ன என்ன ஆன்ல இருந்துச்சு, மணி எத்தன, மழையா வெயிலான்னு எழுதுங்க. சார்ஜ் நல்லா இருக்குற வண்டில பேட்டரி கிட்ட 13.8-ல இருந்து 14.6 வரைக்கும் நிக்கும். நல்ல வெயில்ல இஞ்சின் சூடேறுன பெறகு 13.6-க்கு வந்தா பதறாதீங்க, சூடு ஏற ஏற ரெகுலேட்டரே கொஞ்சம் குறைச்சுக்கும். சிக்னல்ல ஐடிலிங்ல ஹெட்லைட்டு, புளோயர் எல்லாம் போட்டுகிட்டு நிக்கும்போது 13-க்கு கிட்ட எறங்குறதும் பழைய வண்டிக்கு சகஜம் தான், லேசா ரேஸ் குடுத்தா ஏறணும், ஏறலன்னா தான் வில்லங்கம்.

நோட்ட பாத்தா ஒரு தினுசு தெரிய வரும். பள்ளத்துல விழுந்தப்ப, ஸ்பீடு பிரேக்கர்ல மட்டும் வோல்ட்டு குதிச்சுதுன்னா பிரஷ் (ஆல்டர்னேட்டருக்குள்ள சுத்துற ரோட்டருக்கு கரண்ட்டு குடுக்குற கரித்துண்டு) தேஞ்சிருக்கும், இல்ல ஆல்டர்னேட்டர் பின்னாடி சொருகுற கப்ளர் லூஸு, இல்ல எர்த்து, அதாவது இஞ்சின், பாடி வழியா பேட்டரி மைனஸுக்கு போற கனெக்சன். முக்கா மணி நேரம் நல்லா ஓடிட்டு அப்புறம் பொத்துன்னு 12-க்கு எறங்கி, டீ குடிச்சுட்டு வந்து எடுத்தா மறுபடி சரியாயிருச்சுன்னா சூட்டுல விட்டு போற சாமான், ரெகுலேட்டரோ ரோட்டர் காயிலோ. காலைல எடுத்ததும் கீச்சுன்னு சத்தம், மழைத்தண்ணி பட்டா சார்ஜ் இல்லன்னா பெல்ட்டு. ராத்திரி ஹெட்லைட்டு, புளோயர்னு கரண்ட்டு லோடு போட்டா மட்டும்னா ஒயரிங், எர்த்து, டையோடு, பெல்ட்டு நாலுல ஒண்ணு. ஸ்டார்ட் பண்ணி ஒரு தடவ நல்லா ரேஸ் குடுத்தா தான் சார்ஜே ஆரம்பிக்குதுன்னா டேஷ்போர்டுல இருக்குற சார்ஜ் பல்பு ஃபியூஸ் ஆயிருக்கான்னு பாருங்க. சிரிக்காதீங்க, நெறைய பழைய ஆல்டர்னேட்டருக்கு மொதல் கரண்ட்டு அந்த பல்பு வழியா தான் போகுது, பல்பு இல்லன்னா இரும்புல மிச்சம் இருக்குற காந்தத்த வச்சு வேகமா சுத்துனா தான் அது முழிச்சுக்கும்.

அந்த பேட்டரி படம் போட்ட சிவப்பு லைட்ட பத்தி இன்னும் சொல்லணும். சாவி ஆன் பண்ணி இஞ்சின் ஓடாதப்ப அது எரிஞ்சே ஆகணும், ஸ்டார்ட் ஆனா அணையணும். சாவி போட்டும் எரியலன்னா பல்பு, கப்ளர், பிரஷ் மூணுல ஒண்ணு. கப்ளர கழட்டி பல்புக்கு போற அந்த மெல்லிசு ஒயர பாடில தொட்டு பாருங்க, எரிஞ்சா பல்பும் ஒயரும் நல்லா இருக்கு, கோளாறு ஆல்டர்னேட்டருக்குள்ள. தொடுறது கப்ளர்ல இருக்குற மெல்லிசு ஒயர தான், நட்டு போட்டு முறுக்கியிருக்குற தடி ஒயர பாடில தொட்டுறாதீங்க, அது பி பிளஸ், அதாவது ஆல்டர்னேட்டர் தயார் பண்ற கரண்ட்டு வெளிய வர்ற முனை, சாவி இல்லாமயே எப்பவும் பேட்டரியோட நேரா இருக்கும், பட்டாசு வெடிக்கும்.

முழுசா எரியாம லேசா மினுக்குதுன்னா அது தான் நல்ல துப்பு. எனக்கு அந்த துப்பு மாசக்கணக்கா கண்ணு முன்னாடியே இருந்துச்சு. தேனில இருந்து மதுரைக்கு ராத்திரி வரும்போது ஆண்டிபட்டி கணவாய்ல ரோட்டு லைட்டு இல்லாத எடத்துல மட்டும் அந்த பல்பு ஊதுபத்தி முனை மாதிரி செவப்பா ஒரு புள்ளி தெரியும். ஊருக்குள்ள வந்தா கண்ணுக்கு தெரியாது. டேஷ்போர்டு லைட்டோட வெளிச்சம் கசியுதுன்னு நானே எனக்கு சமாதானம் சொல்லிகிட்டேன். அந்த பல்போட ஒரு பக்கம் பேட்டரி வோல்ட்டு, இன்னொரு பக்கம் ஆல்டர்னேட்டர் வோல்ட்டு. ரெண்டும் சமமா இருந்தா கரண்ட்டு ஓடாது, அணைஞ்சிருக்கும். 2 வோல்ட்டு வித்தியாசம் இருந்தா அந்த அளவுக்கு மட்டும் மினுக்கும். அதாவது ஆல்டர்னேட்டர் உற்பத்தி பண்றது பேட்டரிக்கு போய் சேரல, இல்லனா ஒரு டையோடு போயிருக்கு.

என் நோட்டுலயும் அதே தான் இருந்துச்சு. பகல்ல 13.9, ராத்திரி ஹெட்லைட்டோட 13-க்கு பக்கம், மழை ராத்திரின்னா 12.3. மழை ராத்திரிக்கு மறுநாள் தான் டக்டக். கடைக்கு போனதெல்லாம் பகல்ல, லோடு இல்லாம, அதுவும் ஆல்டர்னேட்டர் மேலயே மீட்டர வச்சு பாத்தது.

லோடு போட்டு வோல்ட்டு எங்க தொலையுதுன்னு பாக்குற டெஸ்ட்டு

எல்லாத்துலயும் இது தான் முக்கியமான டெஸ்ட்டு, கடைல யாரும் மெனக்கெட மாட்டாங்க. மீட்டர டிசி 20 வோல்ட்ல வைங்க. சிவப்பு முனை ஆல்டர்னேட்டரோட பி பிளஸ் நட்டுல, கருப்பு முனை பேட்டரியோட பிளஸ் கொம்புல. ஆமா, ரெண்டுமே பிளஸ் தான். இஞ்சின கொஞ்சம் ரேஸ்ல வச்சு, ஹெட்லைட் ஹை பீம், புளோயர், வைப்பர் எல்லாத்தையும் போடுங்க. நல்ல ஒயரா இருந்தா 0.2, மிஞ்சிப்போனா 0.3 தான் காட்டும். அரைக்கு மேல போனா அந்த ஒயரு வழில எங்கயோ அடைப்பு. அடுத்து சிவப்பு முனைய பேட்டரி மைனஸ் கொம்புல, கருப்ப ஆல்டர்னேட்டர் பாடில சுரண்டி வச்சு பாருங்க, இது 0.2-க்கு கீழ இருக்கணும், கூட இருந்தா எர்த்து.

வண்டிய நிறுத்தி வச்சு பாத்தா எனக்கு தெளிவா தெரியல, அதனால ரெண்டு நீள ஒயர பி பிளஸ்லயும் பேட்டரிலயும் மாட்டி, ரெண்டு முனைலயும் ஒரு ஆம்பியர் ஃபியூஸ் போட்டு, பானெட் இடுக்கு வழியா ஜன்னலுக்குள்ள இழுத்தேன். ஃபியூஸ் இல்லாம இத பண்ணாதீங்க, ஒயரு நசுங்கி பாடில பட்டா தீ தான். ரேடியேட்டர் ஃபேன் பக்கமும் போகக்கூடாது, 800-ல அது மோட்டர் ஃபேன், நெனச்ச நேரம் சுத்தும். தங்கச்சி பையன் பக்கத்து சீட்ல மீட்டர மடில வச்சுகிட்டு கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி சொல்லிகிட்டே வந்தான். "மாமா 0.4." ஹெட்லைட் போட்டேன். "மாமா 1.2." புளோயர், வைப்பர். "1.7 மாமா." ரோட்டோரமா நிறுத்தி ஐடிலிங்க தூக்கி வச்சு ஃபேன் ஓடட்டும்னு காத்திருந்தோம், ஃபேன் சுத்துன உடனே "மாமா 2.1!"ன்னு கத்துனான். ஆல்டர்னேட்டர் 14.4 குடுக்குது, பேட்டரிக்கு 12.3 தான் வருது. நடுவுல இருக்குறது ஒன்றரை மீட்டர் கூட இல்லாத ஒரு ஒயரு.

கணக்கு போட்டு பாருங்க. அப்ப ஓடுன கரண்ட்டு சுமாரா 20 ஆம்பியர், தொலைஞ்சது 2.1 வோல்ட்டு, பெருக்குனா 42 வாட்டு. ஒரு சால்டரிங் அயர்ன் சூடு, ஒயருக்குள்ளயே. அப்புறம் மீட்டர் முனைய ஒயரு நீளத்துக்கு கொஞ்சம் கொஞ்சமா நகத்திகிட்டே போனேன், ஜாயிண்ட்டு ஜாயிண்ட்டா, வழில இருந்த மெயின் ஃபியூஸுக்கு முன்னாடி பின்னாடி எல்லாம். ஆல்டர்னேட்டர்ல இருந்து பேட்டரி பக்க லக் வரைக்கும் 0.1 தான். லக்குக்கு முன்னாடி ஒயர்ல ஊசிய குத்தி, லக் மேல இன்னொரு முனைய வச்சா முழு ரெண்டு வோல்ட்டும் அங்கயே நின்னுச்சு.

வெளில பாத்தா ஒண்ணுமே தெரியாது, ரப்பர் உறை மூடி அழகா இருந்துச்சு. உறைய பிளேடால கிழிச்சப்ப தான் உள்ள ஒயரு மேல்தோல் காஞ்ச முருங்கக்காய் மாதிரி வெறச்சு பழுப்பேறி இருந்தது, லக்கோட கழுத்துல பச்சையா பொடி, செம்பு செவப்பா இல்லாம கருப்பு. லேசா இழுத்தேன், பாதி நரம்பு கைலயே வந்துருச்சு. மிச்ச நரம்பு தான் பகல்ல இஞ்சினுக்கு வேணுங்குற நாலஞ்சு ஆம்பியர சிரமமில்லாம தூக்கிகிட்டு இருந்துச்சு, ராத்திரி இருபது கேட்டா முடியல.

இத சரி பண்ணும்போது பேட்டரி மைனஸ மொதல்ல கழட்டுங்க. செம்பு செவப்பா பளிச்சுன்னு தெரியுற வரைக்கும் ஒயர வெட்டுங்க, வெட்ட வெட்ட கருப்பாவே வந்தா ஒயர முழுசா மாத்துங்க, பழைய தடிமன் இல்லனா ஒரு சைஸ் கூட. ஒயர் சைசுக்கு சரியான செம்பு லக் போட்டு கிரிம்பிங் டூல்ல அழுத்தணும், சுத்தியல்ல அடிச்சு நசுக்குனா ஆறு மாசத்துல அதே கதை. மேல ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ். மெயின் ஃபியூஸ் எடைஞ்சலா இருக்குன்னு நேரா கனெக்ட் பண்ணி குடுக்குற ஆளுங்க இருக்காங்க, ஒத்துக்காதீங்க, வண்டி எரிஞ்சா இன்ஷூரன்ஸ்காரன் கிட்ட பதில் சொல்ல முடியாது.

உங்களுக்கு தொலையுறது எர்த்து பக்கமா இருந்தா இஞ்சினுக்கும் பாடிக்கும், கியர்பாக்ஸுக்கும் பாடிக்கும் போற பின்னல் பட்டைய பாருங்க. ஆயில் பட்டு, துரு ஏறி, நரம்பு நரம்பா அறுந்திருக்கும். அது மோசமானா செல்ஃப் அடிக்கும்போது கரண்ட்டு வேற வழி தேடி கிளட்ச் கேபிள், சோக் கேபிள் வழியா எல்லாம் ஓடும், கேபிள தொட்டா சுடும். கிளட்ச் கேபிள் காரணமே இல்லாம அடிக்கடி இறுகிப்போற வண்டின்னா சந்தேகப்படுங்க.

ஒயரிங் சுத்தமா இருந்தா தான் ஆல்டர்னேட்டர் மேல கை வைக்கணும். அதுக்கும் முன்னாடி பெல்ட்டு. 800-ல ஃபேன் பெல்ட்டுன்னு சொல்றோமே ஒழிய அதுல ஃபேனே கிடையாது, ஆல்டர்னேட்டரும் வாட்டர் பம்பும் தான் சுத்துது, அதனால அது அறுந்தா சார்ஜ் மட்டும் இல்ல இஞ்சினும் கொதிக்கும். கட்டைவிரல்ல நடுவுல நல்லா அழுத்துனா ஒரு சென்டிமீட்டர் போல எறங்கணும். ஓரம் கண்ணாடி மாதிரி மின்னுனா, இல்ல பெல்ட்டு புல்லி பள்ளத்தோட அடில போய் உக்காந்துருந்தா, மாத்திடுங்க. ரொம்ப முறுக்கவும் கூடாது, ஆல்டர்னேட்டர் பேரிங், பம்பு பேரிங் ரெண்டும் சேந்து போகும்.

கழட்டுனா பிரஷ் நீளம் பாருங்க, 5 மில்லிமீட்டருக்கு கிட்ட வந்தா மாத்துங்க, அது கூட்டுக்குள்ள சிக்காம வழுக்கிகிட்டு போகுதான்னும் விரலால தள்ளி பாருங்க, பல சமயம் நீளம் இருக்கும் ஆனா கரித்தூள் அடைச்சு மாட்டிகிட்டு நிக்கும், பள்ளத்துல விழுந்தா சரியாகும். ரோட்டர்ல பிரஷ் உரசுற ரெண்டு வளையத்துக்கும் நடுவுல மீட்டர ஓம்ஸ்ல வைங்க, பெரும்பாலும் 2-ல இருந்து 5 ஓம்முக்குள்ள இருக்கும். வளையத்துக்கும் ஷாஃப்டுக்கும் ஒண்ணும் காட்டக்கூடாது. சூட்டுல போற கோளாறுன்னா ஹேர் ட்ரையர்ல நல்லா சூடேத்திகிட்டே மீட்டர பாருங்க, எண்ணு திடீர்னு மறைஞ்சா காயில் உள்ள விட்டிருக்கு.

டையோடுக்கு கழட்டாமயே ஒரு டெஸ்ட்டு இருக்கு. இஞ்சின் ஓடும்போது மீட்டர ஏசி வோல்ட்டுக்கு மாத்தி பேட்டரில வைங்க, அர வோல்ட்டுக்கு மேல காட்டுனா டையோடு சந்தேகம். ஆனா விலை கம்மி மீட்டர் சிலது டிசிய கூட ஏசின்னு நெனச்சு 12 வோல்ட்டு பேட்டரிக்கு 25, 26-ன்னு உளறும், அதனால மொதல்ல இஞ்சின் ஓடாதப்ப ஏசில வச்சு பாருங்க, பூஜ்யம் வந்தா தான் அந்த மீட்டர இதுக்கு நம்பலாம். இன்னொண்ணு, ராத்திரி முழுக்க நின்ன வண்டில காலைல ஆல்டர்னேட்டர தொட்டு பாருங்க, இளஞ்சூடா இருந்தா டையோடு வழியா பேட்டரி கசிஞ்சுகிட்டு இருக்கு.

எப்பவாவது 15-க்கு மேல ஏறுதுன்னு நோட்டுல இருந்தா அது வேற கதை, ரெகுலேட்டர் ஒட்டிக்குது, பேட்டரி தண்ணி வேகமா கொறையும், பல்பு அடிக்கடி ஃபியூஸ் போகும். அதுக்கு ரெகுலேட்டர் தான், யோசிக்க ஒண்ணுமில்ல. கடைல வாங்கும்போது பழசையும் கையோட கொண்டு போங்க, பாக்க ஒரே மாதிரி இருக்கும், பின் மாறும்.

லக் மாத்துன அன்னிக்கு ராத்திரி பையனையும் கூட்டிகிட்டு அதே கணவாய், அதே லோடு, ஹை பீம், புளோயர், மழையே இல்லாத வானத்துல வைப்பரும் போட்டுகிட்டு போனோம். மீட்டர் 0.15. சிவப்பு புள்ளி இல்ல. "இவ்ளோ தானா மாமா"ன்னான். அவனுக்கு உசிலம்பட்டில பரோட்டா வாங்கி குடுத்தேன்.